ஆறாவது திருகு

என் மைத்துனனோடு நான் பேசி அப்போது பதினொரு மாதம் ஆகியிருந்தது. பேசவில்லை என்றால் பார்க்கவே இல்லை என்று அர்த்தமில்லை. வாரத்துக்கொரு முறை வீட்டுக்கு வருவான். என் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். "உன் தம்பியக் காலைத் தள்ளி வெச்சுக்கச் சொல்லு" என்று நான் என் மனைவியிடம் சொல்வேன். அவளும் சளைக்காமல், "தம்பி, மாமா காலைத் தள்ளி வெச்சுக்கணுமாம்" என்பாள். "சரின்னு சொல்லுக்கா" என்பான் அவன். ஒரு முழத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இப்படி ஆள் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். வீம்பு என்று வந்துவிட்டால் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பட்டாசு ஒர்க்‌ஷாப்' என்று கேட்டால் தவழும் குழந்தைகூட வழி காட்டும்; என் கோபத்துக்கு வைத்த பேர் அது.

காரணம் சின்ன விஷயம் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கென்ன, சொல்வாள். நான் பழைய கார்களின் ஹீட்டர் வேலைக்குப் பேர் போனவன். அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வண்டி வரும். இப்படி ஒரு அக்காள் புருஷனைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு, என் மைத்துனன் தன் காரை ஹீட்டர் வேலைக்காகப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனான். அதையும் அவனாகச் சொல்லவில்லை. உதிரி பாகங்கள் விற்கும் கடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது, அந்த ஒர்க்‌ஷாப்காரன் பத்துப் பேர் முன்னிலையில், "என்னண்ணே, உங்க மச்சானே எங்ககிட்ட வந்துட்டாரே, என்ன சமாச்சாரம்?" என்று பல்லைக் காட்டினான். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கு மூடியதுதான் வாய்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் கோபம் புரியும். பழைய கார்களில் ஹீட்டரை முதலில் வைத்துவிட்டு, அதைச் சுற்றித்தான் காரையே கட்டினார்களோ என்று எனக்குச் சந்தேகம். டேஷ்போர்டுக்குப் பின்னால், அடி ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடுகிற குட்டி ரேடியேட்டர் ஒன்று. அதன்மேல் காற்றைத் தள்ள ஒரு ப்ளோயர். இந்த இரண்டில் எது கெட்டாலும், ஸ்டியரிங்கைக் கழற்றி, டேஷ்போர்டை மொத்தமாக இறக்கி, ஏகப்பட்ட ஒயர்களைப் பிடுங்கி, இரண்டு நாள் மாரடிக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். டேஷ்போர்டில் சாமான் போடும் சின்ன அறையையும் கால்பக்கத்துத் தகட்டையும் மட்டும் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்து, கீழிருந்தே அந்தப் பெட்டியைத் திறந்துவிடுவேன். அரை நாளில் வண்டி தயார். "டேஷ்போர்டை இறக்கத் தெரிஞ்சவன் மெக்கானிக், இறக்காமலே முடிக்கிறவன்தான் வேலைக்காரன்" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொள்வேன்.

பெட்டிக்கு ஆறு திருகுகள். ஐந்து என் கைக்கு எட்டும். ஆறாவது, பெட்டியின் முதுகுப்பக்கம், ஒரு இரும்புச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள சந்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நான் ஒரு நீளக் கம்பியை வளைத்து உள்ளே விட்டு அதை இளக்கிவிடுவேன். மிச்சத்தை விரலால் சுற்றித்தான் எடுக்க வேண்டும், திரும்ப மாட்டும்போதும் விரலால்தான் பிடிக்க வைக்க வேண்டும். என் கை அந்தச் சந்தில் மணிக்கட்டு வரைகூடப் போகாது. என் மனைவியின் கை போகும்.

எங்கள் வீடு ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில். அவள் அங்கே துணிகளை ஆல்டர் செய்து கொடுப்பாள். ஐந்து திருகுகளைக் கழற்றியதும், மேலே போகும் தண்ணீர்க் குழாயில் ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டுவேன். "வந்துட்டேன், குழாயை உடைச்சிடாதீங்க" என்று குரல் வரும். பதினான்கு படி இறங்கி வந்து, வளையலைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுத்து, சந்துக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தத் திருகுக்கு அவள் வைத்த பெயர் 'தோட்டுத் திருகாணி'. "காதுக்குப் பின்னாடி யார் கண்ணால பாத்து மாட்டுறாங்க? விரலுக்குத் தெரியுங்க" என்பாள். அரை நிமிடம்தான். திருகு அவள் உள்ளங்கையில் இருக்கும். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாரிடமும் சொல்வேன், இந்த ஒர்க்‌ஷாப்பில் விலை மதிப்பில்லாத கருவி எதுவென்றால் அது என் வீட்டுக்காரியின் வலது கை என்று. அவள் வெட்கப்படுவாள். அதைப் பார்க்கவே சொல்வேன்.

ஒரே ஒரு முறைதான் அடி சறுக்கியது. பதினாலு மாதத்துக்கு முன், இதே மைத்துனன் காரில். ப்ளோயரில் கடகடவென்று சத்தம். அந்தக் காரில் சந்து மற்றதைவிடக் குறுகல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும்தான் கடைசி வரை போகும். திருகைத் திரும்ப மாட்டிவிட்டுக் கையை வெளியே இழுக்கும்போது சட்டத்தின் விளிம்பு அவள் உள்ளங்கையை, விரல்கள் முளைக்கிற இடத்தில், கிழித்துவிட்டது. ஏழு தையல். மைத்துனன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நான் வண்டியை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆறிவிட்டது என்றுதான் அவள் சொன்னாள்.

இது முன்கதை. இனி நடந்தது.

மைத்துனனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டது. "மாமா மாதிரி அவசரக்காரி" என்று என் மனைவி சொன்னாள். குழந்தையும் தாயும் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்தார்கள். இங்கிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். ஒரு திங்கட்கிழமை நர்ஸ் சொன்னாளாம்: சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் குழந்தை இன்னும் இரண்டு கிலோ தொடவில்லை, தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது, கார் உள்ளே கதகதப்பாக இருக்க வேண்டும், வழி முழுக்க இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்ப மாட்டோம். வெளியே அப்போது வாளித் தண்ணீர் உறைகிற குளிர். அந்த ஆஸ்பத்திரியில் இடத்துக்கும் தட்டுப்பாடு; சனிக்கிழமையை விட்டால் தாயை வெளியே அனுப்பிவிட்டுக் குழந்தையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். என் வண்டியோ முன்னால் இரண்டு பேர், பின்னால் முழுக்கக் கருவிகள் என்றிருக்கும் வேன். மைத்துனன் காரிலோ ஹீட்டர் ஒரு வருடமாகச் செத்துக் கிடந்தது.

என் மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "தம்பி வியாழக்கிழமை காலைல வண்டியக் கொண்டு வர்றான். நீங்க பேசுங்க, பேசாமப் போங்க. ஆனா குழந்தை சனிக்கிழமை அந்த வண்டியில வரணும்."

"உன் தம்பிக்குத்தான் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஆள் இருக்காங்களே?"

"இருக்காங்க. எனக்கு நீங்கதானே இருக்கீங்க."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? சொல்லாமலே புதன்கிழமை போய்ப் புது ரேடியேட்டரும் ப்ளோயர் மோட்டாரும் வாங்கி வைத்துவிட்டேன். வீம்பு பெரியவர்களுக்குத்தான், குழந்தை என்ன செய்தது?

வியாழக்கிழமை எட்டு மணிக்கே வந்துவிட்டான். பேருந்து ஓட்டுகிறவன், லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். ஐந்து வாரம் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைந்ததில் சட்டை தொளதொளவென்று தொங்கியது. நான் பானட்டைத் தூக்கினேன். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் பிடுங்கி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருந்தார்கள். ஒழுகுகிறது என்றால் தண்ணீரே உள்ளே போகாமல் செய்துவிடுவது. அவ்வளவுதான் ரிப்பேர்.

"உன் தம்பிகிட்ட கேளு, இதுக்குப் பேர் வைத்தியமா? பல்லு வலிக்குதுன்னா வாயைத் தைக்கிறதா?"

தேநீர் கொண்டுவந்த என் மனைவி நடுவில் நின்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. காரின் முன்கதவைத் திறந்து, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, மாமாகிட்ட ஒண்ணு சொல்லு. இந்தத் தடவை டேஷ்போர்டைக் கழட்டியே பண்ணிடலாமே. ரெண்டு நாள் இருக்கு. நானும் கூட நிக்கிறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "பாத்தியா! ஆத்தா வயித்துல இருக்கும்போதே ஸ்பேனர் பிடிச்ச மாதிரி எனக்கே பாடம் எடுக்கிறான். டேஷ்போர்டைக் கழட்டத் தெரியாதவன்னு நினைச்சானா? பஸ் ஓட்டுறவனை பஸ் ஓட்டச் சொல்லு."

"தம்பி, சும்மா இரு" என்றாள் அவள். அதைச் சொன்ன விதம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. கோபக்காரனுக்குக் காது உண்டு, கேட்கிற வழக்கம்தான் கிடையாது.

பதினொரு மணிக்கு ஐந்து திருகும் வெளியே. ஆறாவதைக் கம்பி விட்டு இளக்கினேன். குழாயில் மூன்று தட்டு. அவள் இறங்கி வந்தாள். வளையல்கள் என் பைக்குள் விழுந்தன. கடைசியாக இப்படி விழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் வேறு கார்கள் மூன்று வந்தன; அதிலெல்லாம் சந்து கொஞ்சம் பெரிது, அவள் எப்படியோ எடுத்துக் கொடுத்திருந்தாள், ஆனால் நேரம் பிடித்தது. குளிரில் விரல் மரத்துப்போகிறது என்று சொல்வாள். நானும் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

ஒருக்களித்துப் படுத்தாள். கையை விட்டாள். கண்ணை மூடவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். மேலே காரின் கூரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம்.

"என்ன, திருகு தூங்குதா, நீ தூங்குறியா?"

"இதோங்க."

"இன்னும் கொஞ்சம் மேல. உனக்குச் சொல்லித் தரணுமா?"

"தெரியும். வந்துடுச்சு… இல்ல, இருங்க."

"அரை நிமிஷ வேலைடி! இப்படியே போனா குழந்தை பள்ளிக்கூடம் போறப்ப ஹீட்டர் ரெடியாயிடும்." நான் கத்தினேன். இப்போது எழுதும்போதும் என் குரல் என் காதில் கேட்கிறது. அந்தக் குரலைக் கழற்றி எறிய ஒரு ஸ்பேனர் இல்லை.

"மாமா, போதும், எடுக்கச் சொல்லுங்க" என்றான் மைத்துனன். நேராக என்னிடம். பதினொரு மாதத்துக்குப் பிறகு. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தரையில் விரித்திருந்த பழைய அட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. சிவப்பு.

"கையை எடு! ரத்தம் வருது!"

"எங்க?" என்றாள் அவள்.

அவள் இன்னும் திருகைத் தேடிக்கொண்டிருந்தாள். நடுவிரலின் நுனி கிழிந்து, ரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வந்திருந்தது. அவள் முகத்தில் வலி இல்லை. 'எங்க' என்று கேட்டவள், என் கண் போன திசையில் பார்த்த பிறகுதான் கையை இழுத்தாள். இழுத்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அவளுக்கு அந்த ரெண்டு விரல்லயும் உணர்ச்சி இல்ல மாமா" என்றான் மைத்துனன். "அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டார். நரம்பு அறுந்துடுச்சு, இனி வராதுன்னு."

"தம்பி!"

"எத்தனை நாளைக்குக்கா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா?" என் பக்கம் திரும்பினான். "என் வண்டி சந்துல அந்த ரெண்டு விரல்தான் போகும். உங்ககிட்ட கொண்டு வந்தா நீங்க குழாயைத் தட்டுவீங்க. இவ இறங்கி வந்து கையை விடுவா. அதான் அந்தப்பக்கம் கொண்டு போனேன். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. எனக்கு வேற வழி தெரியல."

பதினொரு மாதம். நான் காலைத் தள்ளி வைக்கச் சொன்னபோதெல்லாம் இவன் இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு தள்ளி வைத்திருக்கிறான்.

நான் அவளைக் காரின் வாசற்படியில் உட்கார வைத்தேன். ரத்தத்தைத் துடைத்தேன். காயம் பெரிதில்லை. துணி கட்டினேன். பிறகு, ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, "கண்ணை மூடிக்க" என்றேன். மூடினாள். அவள் ஆள்காட்டி விரலை என் விரலால் தொட்டேன். கொஞ்சம் அழுத்தினேன். நகத்தால் கீறினேன்.

"தொடுங்க" என்றாள் அவள், கண்ணை மூடியபடியே.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக அவள் தோட்டுத் திருகாணியை நான்தான் மாட்டிவிடுகிறேன். வெளியே கிளம்பும்போதெல்லாம் காதைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பாள். இருபத்தி ரெண்டு வருடம் கழித்துக் கொஞ்சல் வந்திருக்கிறது பார் என்று நான் கேலி செய்வேன், உள்ளுக்குள் பூரித்துப்போவேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண் மங்குகிறது என்றாள். கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். தேவையே இல்லாத அந்தக் கண்ணாடியை இந்த மனுஷி ஒரு வருடமாக மூக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். கெட்டிலில் விரல் சுட்டுக் கொப்புளம் வந்தபோது, "கவனத்தை எங்க வெச்சிருக்க?" என்று கத்தினேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு தான்." விரலில் கட்டிய துணியைப் பார்த்தாள். "அது மட்டும் இல்லங்க. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் என் கையைப் பத்திச் சொல்லுவீங்க. நீங்க வேற எதுக்கும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்ல. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரல."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"டேய்."

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான்.

"டேஷ்போர்டைக் கழட்டணும். வாடா."

வியாழக்கிழமை மதியம் ஆரம்பித்தோம். உண்மையைச் சொல்கிறேன், டேஷ்போர்டை இறக்கி எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது. ஊரைக் கூட்டிப் பீற்றிக்கொண்டவனுக்கு ஸ்டியரிங்கைக் கழற்றவே ஒரு மணி நேரம் பிடித்தது. மைத்துனன் ஒரு பெரிய அட்டையில் டேஷ்போர்டின் படத்தை வரைந்து, நான் கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தான். அவன் வரைந்தது பூசணிக்காய் மாதிரி இருந்தது. "இது டேஷ்போர்டா, உன் மூஞ்சியா?" என்றேன். "மூஞ்சின்னா மீசை இருக்குமே மாமா" என்றான். ஒயர்களுக்குக் கலர் கலராக நூல் கட்டினாள் என் மனைவி. முடிச்சை இடது கையால் போட்டாள். எத்தனை நாள் பழகியிருப்பாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து, டேஷ்போர்டை வெளியே தூக்கி வைத்தோம். அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தேன். ஆறாவது திருகு. வெட்டவெளிச்சத்தில், சும்மா இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்கு முன்னால் அந்தச் சட்டம். அதன் விளிம்பில் பிசிறு, கத்தி மாதிரி. நேற்றைய ரத்தத்துக்குக் கீழே, பழுப்பாக, காய்ந்துபோய், இன்னொரு கறை இருந்தது. பதினாலு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. துடைத்தேன்.

இனிமேல் யார் கையும் அந்தச் சந்துக்குள் போகப் போவதில்லை. இருந்தும் அரத்தை எடுத்து அந்த விளிம்பைத் தேய்த்தேன். விரலை வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்தேன். மைத்துனன் கடிகாரத்தைப் பார்த்தான். வழவழவென்று ஆகிற வரை நான் விடவில்லை.

பெட்டியைத் திறந்து பழையதை எடுத்துப் புதியதை வைத்தோம். எஞ்சின் பக்கத்துத் துண்டுக் குழாயைப் பிடுங்கி எறிந்து, ஹோஸ் இரண்டையும் உரிய இடத்தில் மாட்டினேன். மூடி போட்டு, ஐந்து திருகுகளை முடுக்கினேன். பிறகு குழாயில் மூன்று தட்டு.

இறங்கி வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். "எதுக்குங்க? அதான் எல்லாம் வெளியில தெரியுதே."

"ஆறாவது உன்னுது. நீதான் போடணும்."

கட்டை விரலும் மோதிர விரலுமாகப் பிடித்து, கண்ணால் பார்த்து, நிதானமாகச் சுற்றினாள். ஒன்றரை நிமிடம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை. "பட்டாசு நனைஞ்சுடுச்சு போல" என்று மைத்துனன் முணுமுணுத்தான்.

டேஷ்போர்டு திரும்ப ஏற நாலு மணி ஆயிற்று. எஞ்சினைக் கிளப்பினோம். ப்ளோயர் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. காற்று வந்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி, சில்லென்று.

பத்து நிமிடம் பார்த்தோம். சில்லென்றுதான். மைத்துனன் முகம் வெளிறிப்போனது. "மாமா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும்." எங்கே பிசகினேன்? மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவதா? ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு வருடமாகத் தண்ணீரே போகாத வழி. உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கும். காரின் மூக்கை ஜாக்கி போட்டு உயர்த்தி, எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மறுபடி ஓடவிட்டு, ஹோஸைக் கையால் பிசைந்தேன். குபுக் என்று ஒரு குமிழி. இன்னொன்று. நாலைந்து. தண்ணீர் மட்டம் சரசரவென்று இறங்கியது.

"சூடு!" என்று உள்ளேயிருந்து மைத்துனன் கத்தினான். "மாமா, சூடு! சுடுது மாமா!" அந்த நாற்பது வயதுக்காரன் காற்றுத் துவாரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். என் மனைவி இடது கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு வலது கையை, உள்ளங்கையைத் திருப்பி, அதன் முன்னால் பிடித்தாள். தழும்பு வரைக்கும் தெரிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை என்றாள். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை நானும் போனேன். வழியில் ஏதாவது நின்றுவிட்டால் என்று காரணம் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்திருந்தோம். நர்ஸ் வந்து காருக்குள் தலையை விட்டுப் பார்த்து, "அறையைவிட இங்க நல்லா இருக்கே" என்றாள். எனக்கு எந்த வாடிக்கையாளரும் கொடுக்காத சர்டிபிகேட் அது.

குழந்தையின் அம்மா முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாள், அறுவை சிகிச்சை ஆன உடம்பு. பின்னால் நடுவில் குழந்தையின் கூடை இருக்கை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மனைவி. குழந்தை என்றால் முகம் மட்டும்தான், மற்றதெல்லாம் போர்வை. பேருந்து ஓட்டுகிறவன் அன்றைக்கு மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே முந்திப்போனார்கள். நான் ஒருவரையும் பதிலுக்குத் திட்டவில்லை.

பாதி வழியில் கார் நன்றாகவே சூடேறிவிட்டது. குழந்தை முனகியது. என் மனைவி போர்வையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, வலது கையை அங்கேயே வைத்தபடி, முன்னாலிருந்தவளிடம் பால் கொடுக்கிற நேரம் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகள் வெளியே வந்தன. சின்னக் கைகள், சுருக்கம் விழுந்தவை. அதில் ஒன்று காற்றில் தடவித் தடவி, என் மனைவியின் ஆள்காட்டி விரலைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டது.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

"இங்க பாரு" என்றேன் மெதுவாக.

குனிந்து பார்த்தாள். பேச்சு நின்றது. விரலை அசைக்காமல், மூச்சையும் விடாமல், வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இறுக்கமாவா பிடிச்சிருக்கா? சும்மாவா?" என்று என்னிடம் கேட்டாள்.

குழந்தையின் இன்னொரு கை சும்மா கிடந்தது. எண்ணெய்க் கறை போகாத என் சுண்டு விரலை அதனிடம் நீட்டினேன். பற்றிக்கொண்டது. அது எவ்வளவு அழுத்தம் என்று நன்றாக மனசில் வாங்கிக்கொண்டேன். பிறகு விரலை உருவிக்கொண்டு, குழந்தைக்கு மேலாகக் கையை நீட்டி, என் மனைவியின் இடது கையை எடுத்து, அதன் ஒற்றை விரலை அதே அளவுக்கு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், பிடித்தேன்.

"இவ்வளவு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள்.